இரட்டை ஃபின் பலகை ஒன்றல்ல, இரண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரட்டை ஃபின் பொருத்திய அலைச்சறுக்குப் பலகைகள் மீண்டும் செல்வாக்குப் பெற்றிருப்பதைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். சர்ஃபிங்குக்குத் தமிழில் இவ்வளவு இடம் ஒதுக்கியமைக்கு முதலில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் இரட்டை ஃபின் பலகை என்று ஒரே வகைப் பொருள் இருப்பதாகவும், அது எந்த அலையிலும் யாருக்கும் வேகம் தரும் என்றும் எண்ணிக்கொண்டு அக்கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது. இதைக் கட்டுரையாளரின் பிழையாக நான் கருதவில்லை. பலகை விற்கும் நிறுவனங்கள் சொல்லிச் சொல்லி ஊன்றிவிட்ட எண்ணம் இது. அதை நம்பி ஒரு பலகையை வாங்கி, ஓராண்டு முழுவதும் குறை என் காலில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். பலகையின் அடிப்புறத்தில், வாலுக்கு அருகே, மீனின் துடுப்பைப் போல நீருக்குள் இறங்கி நிற்கும் தகடுதான் ஃபின். 1935-இல் அமெரிக்கரான டாம் பிளேக் ஒரு பலகைக்கு அதைப் பொருத்திப் பார்த்தார். அதற்கு முன்பு, பலகையைத் திருப்ப நினைத்தவர் காலைத் தண்ணீரில் விட்டு இழுக்க வேண்டியிருந்தது. இன்று அதிகம் விற்பனையாகும் குட்டைப் பலகைகள் த்ரஸ்டர் எனப்படும் மூன்று ஃபின் வகையைச் சேர்ந்தவை. நடுவில் உள்ளதை விட்டுவிட்டு, விளிம்புக்கு ஒன்றாக இரண்டை மட்டும் வைத்தால் அது ட்வின்-ஃபின். விளம்பரங்கள் சொல்லும் விளக்கம் இத்துடன் முடிந்துவிடுகிறது. உண்மையில் சொல்ல வேண்டியவை இதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

நான் வாங்கியது பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் பலகை. மீன்வால் வடிவப் பலகையின் பழைய வரலாற்றை மனம் உருகும்படி சொன்ன ஒரு விளம்பரப் படத்தைப் பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். நீண்டு, சீராக மடங்கிக்கொண்டே வரும் ஓர் அலையில், ஒருவர் கைகளைத் தளர விட்டு, ஒரே விளிம்பில் சாய்ந்தபடி, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வழுக்கிக்கொண்டு போனார். என் கைக்கு வந்த பலகையில் நீளம், அகலம், தடிமன், லிட்டர் கணக்கில் கன அளவு என நான்கு எண்கள் அச்சிடப்பட்டிருந்தன. இடுப்பளவு அலையில் அது பறந்தது என்றே சொல்ல வேண்டும். முதல் நாள் கரையேற மனமே வரவில்லை. தலையளவு அலை வந்த நாளில் நிலைமை மாறியது. அலையின் முகத்தில் இறங்கி, அடிவாரத்தில் உடலைச் சாய்த்துத் திரும்பிய நொடியில், பின்காலுக்குக் கீழே இருந்த வால் பிடி விட்டுப் பக்கவாட்டில் நழுவியது. அன்று மட்டும் ஏழெட்டு முறை அப்படியே விழுந்தேன். அடுத்தடுத்த மாதங்களில், அலை சற்றுச் செங்குத்தாக நிமிர்ந்தாலே அது நடக்கும் என்பது எனக்குப் பழகிப்போயிற்று.

கடைசியில், பலகை செதுக்கும் தொழிலிலேயே தலை நரைத்துப்போன ஷேப்பர் ஒருவரிடம் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பலகையைத் தாங்கியின் மேல் குப்புறக் கவிழ்த்து, நீளமான அலுமினியக் கோல் ஒன்றை அதன் நடுக்கோட்டின் மேல் வைத்தார். கோல் நடுவில் மட்டும் பலகையைத் தொட்டது. மூக்கிலும் வாலிலும் அந்தரத்தில் நின்றது. அந்த இரண்டு இடைவெளிகளையும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டார். முனையிலிருந்து முனைவரை பலகை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதற்கான இந்த அளவைத்தான் ராக்கர் என்கிறார்கள். பிறகு ஒரு நூலை எடுத்து, ஃபினின் தட்டையான உட்புறத்தை ஒட்டிப் பிடித்து, மூக்கு வரை இழுத்துக் காட்டினார். இரண்டு பக்க நூல்களும் நடுக்கோட்டுக்கு இணையாகப் போகாமல், முன்னே போகப் போக ஒன்றையொன்று நோக்கித் தெளிவாக நெருங்கின. "இது ஃபிஷ் இல்லை. ஃபிஷ்ஷின் உடம்பில் ரிச்சர்ட்ஸ் காலத்து ஃபினை வைத்திருக்கிறார்கள்" என்றார். அதன் பொருளைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. தங்கள் கட்டுரை விட்டுவிட்டதும் இதைத்தான்.

இரட்டை ஃபினுக்கு இரண்டு வம்சங்கள் உண்டு. முதல் வம்சத்தின் தொடக்கத்தில் 1940-களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் பாப் சிம்மன்ஸ் செய்த பலகைகள் இருக்கின்றன; வேகமாகச் செல்லும் படகின் அடிப்பகுதி நீரின் மேல் எப்படி எழும்பி ஓடுகிறது என்ற கணக்கைப் பலகைக்குக் கொண்டுவந்தவர் அவர். 1967 வாக்கில், அதே மாநிலத்தின் சான் டியேகோவில், ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர் முழங்காலிட்டுச் சறுக்குவதற்காகக் குட்டையும் அகலமுமான ஒரு பலகையைச் செய்தார். அதன் வால் ஆழமாகப் பிளந்து மீன்வாலைப் போல இருந்தது. ஃபிஷ் என்பது இவ்வகைப் பலகையைத்தான். பிளவின் இரு பக்கங்களிலும், வாலை ஒட்டி, கீல் எனப்படும் ஃபின்கள் நின்றன. கீல் உயரத்தில் குறைந்தது, அடிப்பக்கத்தில் நீளமானது. முன்னோக்கிக் குவியாமல், ஏறத்தாழ ஒன்றுக்கொன்று இணையாக, நேராக நின்றதால் அது நீரை அதிகம் தடுக்கவில்லை. பலகையின் அடிப்புறமும் ஏறக்குறையத் தட்டையாகவே இருந்தது. இப்படிப்பட்ட பலகையை ஒரு விளிம்பில் சாய்த்தால், நீளமான அந்தக் கீல் தண்டவாளத்தில் ஓடும் சக்கரத்தைப் போல ஒரு கோட்டைப் பிடித்துக்கொள்கிறது. சட்டென்று திரும்ப மறுக்கிறது. ஆனால் பிடித்த கோட்டில் வேகம் குறையாமல் போகிறது. அதை முழங்காலில் மட்டுமல்லாமல் நின்றுகொண்டும் ஓட்ட முடியும் என்பதை 1972-இல் சான் டியேகோவில் நடந்த உலகப் போட்டி காட்டியது. அங்கே பட்டம் வென்ற ஜிம் பிளியர்ஸ் இத்தகைய பலகையில்தான் நின்றார்.

இரண்டாவது வம்சம் ஆஸ்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்ஸுடையது. 1976-இல் ஹவாய்க்காரரான ரெனோ அபெல்லிரா ஒரு போட்டிக்குக் கொண்டுவந்த குட்டையான இரட்டை ஃபின் பலகை அவர் கண்ணில் பட்டது. பலகை செதுக்குவதை டிக் பிரூவரிடம் கற்றுக்கொண்ட ரிச்சர்ட்ஸ், தமக்கென்று ஒரு வடிவத்தைத் தாமே உருவாக்கினார். அதன் ஃபின்கள் உயரமானவை, அடிப்பக்கம் குறுகியவை, வாலிலிருந்து சற்று முன்னால், விளிம்பை ஒட்டி, மூக்கை நோக்கிக் குவிந்தும் வெளிப்புறம் சாய்ந்தும் நின்றவை. கீல் கோட்டைப் பிடித்துக்கொள்ளும் என்றால், இந்த ஃபின் ஒரு புள்ளியைச் சுற்றிச் சுழலவிடும். இத்தகைய பலகைகளைக் கொண்டு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை ரிச்சர்ட்ஸ் உலகப் பட்டம் வென்றார். ஆனாலும் ஹவாயின் பெரிய அலைகளில் அவரே ஒற்றை ஃபின் பலகைக்கு மாறிக்கொண்டார் என்பதை, அவர் பெயரைச் சொல்லி விற்ற யாரும் உரக்கச் சொல்லவில்லை.

ஒரே பெயரைத் தாங்கும் இந்த இரண்டு பலகைகளும் ஓடும் விதத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒன்றை முன்காலாலும் விளிம்பாலும் ஓட்ட வேண்டும். மற்றொன்றைப் பின்காலின் கீழ் நுட்பமாகச் சுழற்ற வேண்டும். முதலாவதின் கதையைச் சொல்லி இரண்டாவதைக் கையில் கொடுப்பது சரியாகாது. என் பலகைக்கு நேர்ந்தது அதுதான்.

நடு ஃபின் இல்லாததால் என்ன நடக்கிறது என்பதையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வேகம் என்ற சொல்லில்தான் எல்லாக் குழப்பமும் இருக்கிறது. பலகை நேராக ஓடும்போது, உள்நோக்கிக் குவிந்த இரு ஃபின்களும் நீரைச் சிறு கோணத்தில் சந்திக்கின்றன. அவற்றின் பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. ஆனால் நீரின் எதிர்ப்பு சமனாகாமல் இரண்டும் சேர்ந்து கூடிவிடுகிறது. ஆகவே குவிவு அதிகமுள்ள இரட்டை ஃபின், குவிவே இல்லாத இரட்டை ஃபினைவிட நேரோட்டத்தில் மெதுவாகவே போகும். த்ரஸ்டரின் நடு ஃபின் நேராக நிற்பதால் அதன் எதிர்ப்பு பெரிதல்ல என்றாலும், அது காற்றுத் திசைகாட்டியின் வாலைப் போலப் பலகையை ஓடும் திசைக்கே மீண்டும் மீண்டும் இழுக்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்தப் பிடிவாதம் போய், வால் எளிதாகத் திரும்புகிறது. தளர்வு என்று விளம்பரங்கள் புகழ்வது இதைத்தான். செங்குத்தான அலையில் இதே தளர்வுதான் ஆளைக் கீழே தள்ளுகிறது. பலகை நன்றாகச் சாயும்போது, அலையின் முகத்துக்கு எதிர்ப்புறம் உள்ள ஃபின் நீரை விட்டு மேலே வந்துவிடுகிறது. த்ரஸ்டரில் அப்போதும் அலையின் பக்கமுள்ள உட்புற ஃபினும் நடு ஃபினும் பிடித்துக்கொள்கின்றன. இரட்டை ஃபினிலோ உட்புற ஃபின் ஒன்றுதான் மிச்சம். அந்த ஒன்று அடி குறுகியதாகவும் வாலிலிருந்து விலகியும் இருந்து, பின்காலை அழுத்தி ஊன்றும் பழக்கமும் ஓட்டுபவருக்கு இருந்துவிட்டால், வால் நழுவத்தான் செய்யும். த்ரஸ்டரில் பழகிய எங்களில் பலருக்கு அந்தப் பழக்கம் உண்டு. இரட்டை ஃபினில் அடிவாரத் திருப்பத்தைச் சற்றுத் தாமதமாக, நீளமான வளைவாக, எடையை முன்காலுக்கு மாற்றி எடுக்க வேண்டும் என்பதை எந்த விளம்பரமும் எனக்குச் சொல்லவில்லை.

அப்படியானால் இடுப்பளவு அலையில் என் பலகை பறந்ததே, அது எதனால்? பெரும்பகுதி ஃபினால் அல்ல. ராக்கர் குறைவு, வால் அகலம், மார்புக்குக் கீழே தடிமன் அதிகம். வலுவற்ற அலையில் நீரின் மேல் எழும்பி ஓட இவை போதும். இதே உடம்பில் நான்கு ஃபினைப் பொருத்தினாலும் அந்த வேகத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். தட்டையான பலகை செங்குத்தான அலையில் இறங்கும்போது மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொள்ளும் என்பது இதன் மறுபக்கம்; அதையும் நான் அனுபவித்தேன். லிட்டர் கணக்கு இவற்றில் எதையும் சொல்லாது. 30 லிட்டர் என்றால், முழுவதும் அமிழ்ந்தால் 30 லிட்டர் நீரை அப்பலகை இடம்பெயர்க்கும் என்பது மட்டுமே அதன் பொருள். அந்த 30 லிட்டர் மார்புக்குக் கீழே திரண்டிருக்கிறதா, விளிம்புவரை பரவியிருக்கிறதா என்பதில்தான் பலகையின் குணம் இருக்கிறது.

சாம்பியனின் பெயரைப் பலகையில் பொறித்து விற்கும் வழக்கம் புதிதல்ல. 1960-களின் நீளப் பலகைக் காலத்திலேயே அது வேரூன்றிவிட்டது. ரிச்சர்ட்ஸ் வென்றுகொண்டிருந்தபோது எல்லோருக்கும் இரட்டை ஃபின் வேண்டியிருந்தது. ஆனால் ஆறடிக்கு மேல் உயரமும் கனத்த உடலும் கொண்ட ஆஸ்திரேலிய வீரர் சைமன் ஆண்டர்சனுக்கு அது காலில் நிற்கவே இல்லை. 1980-இன் பிற்பகுதியில், ஏறக்குறைய ஒரே அளவுள்ள மூன்று ஃபின்களை வைத்து அவர் ஒரு பலகையைச் செதுக்கினார்; 1981-இல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் கடற்கரையில் நடந்த போட்டியில், மிகப்பெரிய அலைகளில் அதைக் கொண்டே வென்றார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. சில ஆண்டுகளிலேயே கடைகளில் இரட்டை ஃபின் ஏறக்குறைய மறைந்துபோயிற்று. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு: 1980-இல் சிறிய அலையில் நன்றாக ஓடிய இரட்டை ஃபின், 1984-இல் அதே அலையில் மோசமாக ஓடியிருக்க முடியாது. மாறியது பலகை அல்ல, விற்பனை. அதே காலத்தில், 1981-லும் 1982-லும் ரிச்சர்ட்ஸுக்கு அடுத்த இடத்தைப் பிடித்த ஷேன் ஹோரன் ஒற்றை ஃபினில்தான் நின்றார் என்பதும் மறந்துபோயிற்று. ஒரு சாம்பியனின் எடை, உயரம், கால் பழக்கம், அவர் ஓட்டும் அலை ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்ட ஒன்றை எல்லோருக்கும் உரியதாக்கி விற்பதும், பிறகு அதே வேகத்தில் எல்லோரிடமிருந்தும் அதைப் பறித்துக்கொள்வதும் இருமுறையும் வாங்குபவரின் தலையில்தான் விழுந்தது. இப்போது அது மீண்டும் வந்திருக்கிறது. வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. வந்த விதத்தில்தான் வருத்தம்.

பிராண்டுகளை முற்றாகக் குறை சொல்வது என் நோக்கமல்ல. 1969-இல் அல் மெரிக் தொடங்கிய சேனல் ஐலண்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் உலகப் பட்டம் வென்ற டாம் கரனையும் கெல்லி ஸ்லேட்டரையும் போன்றவர்களின் காலடியிலிருந்து கற்றுக்கொண்டவை ஏராளம். அதன் பயன் எங்களைப் போன்ற சாதாரணமானவர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் பலகையின் மேலுள்ள முத்திரைக்கும் அதன் உள்ளே இருப்பதற்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட மெலிதானது. 2005 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவின் கிளார்க் ஃபோம் நிறுவனம் ஒரே நாளில் கதவை மூடியபோது, ஒன்றுக்கொன்று போட்டியாக நின்ற எத்தனையோ முத்திரைகள் ஒரே இடத்திலிருந்து வந்த நுரைக் கட்டையைத்தான் செதுக்கிக்கொண்டிருந்தன என்பது ஊருக்கே தெரிந்தது. இன்று பல பலகைகளின் வடிவைக் கணினி இயக்கும் இயந்திரமே வெட்டுகிறது. ஷேப்பர் இறுதியாகத் தேய்த்துச் சீராக்குகிறார். அந்த இயந்திரத்துக்குக் கொடுத்த கோப்பில் ராக்கர் எவ்வளவு என்பது மில்லிமீட்டர் கணக்கில் இருக்கிறது. ஃபினைச் செருகுவதற்கான ஃபின் பெட்டியைப் பலகையில் பதிக்கும் தொழிலாளிக்கு, வாலிலிருந்து எத்தனை அங்குலம், எவ்வளவு குவிவு என்று எழுதிக் கொடுத்துத்தான் வேலை நடக்கிறது. தொழிற்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த எண்கள், பணம் கொடுத்து வாங்குபவருக்கு மட்டும் ஏன் தெரியக்கூடாது?

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லப்படுவதுண்டு. பலகையின் ஓட்டம் உணர்ந்து அறிய வேண்டியது, எண்ணில் அடங்காது என்பார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. விளிம்பின் உருட்சியை, அடிப்புறத்தில் குழிவு தொடங்கி மறையும் விதத்தை, நல்ல ஷேப்பரின் உள்ளங்கை அறியும் அளவுக்கு எந்த அட்டவணையும் சொல்லிவிடாது. ஆனால் அந்தப் பெரியவரின் கோலும் நூலும் பத்து நிமிடத்தில் எனக்குச் சொன்னதை, ஓராண்டு உணர்வு சொல்லவில்லை. உணர்வைச் சோதிக்க முதலில் எதை உணர்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் மிகச் சிறியது. மூக்கு ராக்கர், வால் ராக்கர், வாலிலிருந்து ஃபினின் தூரம், குவிவு, வெளிச்சாய்வு, உடன் வரும் ஃபினின் அடிநீளமும் உயரமும் ஆகியவற்றை லிட்டர் கணக்குக்குப் பக்கத்திலேயே நிறுவனங்கள் அச்சிடட்டும். எந்த வகை அலைக்காக, எந்த எடையுள்ளவருக்காக அந்த வடிவம் செய்யப்பட்டது என்பதை ஒரு வரியில் சொல்லட்டும். விளம்பரப் படம் நீண்டு மடங்கும் அலையில் எடுக்கப்பட்டிருந்தால், கரையருகே சட்டென்று எழுந்து மொத்தமாக உடையும் அலையில் அதே பலகை எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் காட்டட்டும்; வாங்குபவர்களில் பலர் நாள்தோறும் இறங்குவது அத்தகைய அலையில்தான். தங்களைப் போன்ற நாளிதழ்கள் பலகைகளைப் பற்றி எழுதும்போது இந்த எண்களைக் கேட்டு வாங்கி வெளியிட்டால், தராத நிறுவனங்களும் தரத் தொடங்கும் என்று நம்புகிறேன்.

என் பலகையை நான் தூக்கி எறியவில்லை. குவிவு ஃபின் பெட்டியிலேயே பதிந்துவிட்டது. அதை மாற்ற வழியில்லை. ஆனால் அடி நீளமான ஃபின்களை மாற்றிப் பொருத்தி, நடுவில் இருந்த சிறு பெட்டியில் கட்டைவிரல் அளவுள்ள ஒரு துணை ஃபினைச் செருகியபோது, தலையளவு அலையிலும் வால் பெரும்பாலும் நின்றது. பிறகு, என்னைவிட மெலிந்த, பின்காலைப் பூப்போல வைக்கத் தெரிந்த ஓர் இளைஞருக்கு அதைக் கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன்பு, ஷேப்பர் தாளில் குறித்துத் தந்த எண்கள் அனைத்தையும், அடிப்புறத்தில் வாலுக்கு அருகே, நடுக்கோட்டை ஒட்டி, அழியாத மையால் எழுதி வைத்தேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்